நான் கேட்ட ஏழாவது காகிதம்

முஸ்லிம் கல்யாணங்களை நடத்திப் பதிவு செய்யும் காஜியார் ஆபீஸில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அன்வர். போன மாதம் வீட்டுக்கு வந்தார். எல்லாக் கல்யாணத்தையும் அரசாங்கத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அவருக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது. போதாக்குறைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வேறு.

"நயினார் சார், வெளிநாட்டு ஆளுங்க நிக்காஹ் பண்ணிக்க வந்தா என்னென்ன காகிதம் வாங்கணும்னு நீங்க ஒரு பட்டியல் வெச்சிருந்தீங்களாமே? பழைய ஆளுங்க இன்னும் அதைப் பத்திப் பேசறாங்க. இருந்தா குடுங்களேன்" என்றார்.

பேசுகிறார்கள் என்றால் பெருமையாகத்தான் பேசுவார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். பட்டியலைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன். கண் பார்வை மோசமாகி முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். வயது அம்பத்தாறுதான். அதனால் மறதி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

நான் தமிழ்ச் சமணன், பேர் ராஜு. எங்களை ஊரில் நயினார் என்பார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிற குடும்பம். டைப்பிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு, அரசாங்க வேலை வரும் வரும் என்று மூன்று வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எழுபதுகளில் நம் பக்கத்துப் பையன்கள் வளைகுடாவுக்குப் போக ஆரம்பித்தார்கள். மனைவியைக் கூட்டிப்போக நிக்காஹ் சான்றிதழ் இங்கிலீஷில் வேண்டும். அதை அடித்துக் கொடுக்க காஜியாருக்கு ஒரு ஆள் வேண்டும். நான் போனேன்.

"தப்பில்லாம அடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"அடிப்பேங்க. அடிச்சதுக்கு அப்புறம்தான் என்ன அடிச்சேன்னு படிப்பேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்தார். ஊரில் எல்லாரும் கேட்டார்கள், நயினாருக்குக் காஜியார் ஆபீஸில் என்ன வேலை என்று. எனக்கும் காஜியாருக்கும் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை, நோன்பு மாதத்தைத் தவிர. நாங்கள் சமணர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். அவர் பொழுது சாய்ந்தால்தான் சாப்பிடுவார். அவர் கஞ்சியைக் கையில் எடுக்கும்போது நான் கையைக் கழுவிக்கொண்டிருப்பேன். "உங்க பசியும் என் பசியும் ஒரே ஆபீஸ்ல ஷிப்ட் மாத்தி வேலை பாக்குது நயினாரே" என்பார்.

காஜியார் எல்லாரையும் "நீங்க" என்றுதான் பேசுவார். நிக்காஹ் எழுதும் தினம் பெண்ணின் சம்மதத்தை அவரே போய்க் கேட்பார். வழக்கப்படி பெண் வீட்டார் ஒருவர் சாட்சிகளோடு உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னால் போதும். இவருக்கு அது போதாது. திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மாப்பிள்ளை பேர், அவன் அப்பா பேர், மஹராகப் பெண்ணுக்கு என்ன தருகிறான் என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லி மூன்று தடவை கேட்பார். "அழுதா சம்மதம், சிரிச்சா சம்மதம், பேசாம இருந்தா சம்மதம்னு சொல்லுவாங்க. எனக்கு வாயால வரணும்மா. நான் காத்திருக்கேன், அவசரமில்ல." வெளியே பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும். அவர் நிற்பார். பிறகு தஃப்தரில், அதாவது நிக்காஹ் பதிவேட்டில், மை தொட்டு எழுதுவார். மை காய்வதற்கு நான் ஊதினால் பிடிக்காது. "தானா காயட்டும்" என்பார்.

என் முதல் வாரத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் ஒத்துக்கணும். ரெண்டு சாட்சி. மஹர். பொண்ணு பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருந்தா நல்லது. அவ்வளவுதான் நயினாரே. அல்லா லேசாத்தான் வெச்சிருக்கான். கனமாக்கறது நாம."

அப்படிக் கனமாக்கியவன் யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெளிநாட்டுக்காரர்கள் அப்போதே ஊரில் நிறைய. அண்ணாமலையைப் பார்க்க வருவார்கள், சிலர் அப்படியே தங்கிவிடுவார்கள். அவர்களில் எப்போதாவது ஒருவர் நம் முஸ்லிம் வீட்டில் சம்பந்தம் கேட்டு வருவார். அப்போது பாஸ்போர்ட்டும், வேலூர் போலீஸ் ஆபீஸில் பதிவு செய்த காகிதமும் பார்ப்போம். ஆண் பிள்ளையாக இருந்தால் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாக முத்திரைத்தாளில் ஒரு வாக்குமூலம். நம் ஜில்லாவுக்கு அப்போது வேலூர்தான் தலைநகரம், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸெல்லாம் பிற்பாடு வந்தது.

முதலில் வந்தது ஒரு தாடிக்காரர். பிரெஞ்சுக்காரர். டீக்கடைக்காரர் ஒருவரின் மகளைக் கட்டிக்கொள்ள எல்லாம் முடிவாகி, வெள்ளிக்கிழமை நிக்காஹ். வாக்குமூலத்தை நான்தான் அடித்தேன். "எனக்கு மனைவி இல்லை" என்ற வரியையும் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். புதன்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து அந்த இல்லாத மனைவி இறங்கினார், இரண்டு பிள்ளைகளோடு. நேராக ஆபீஸுக்கு வந்து, கல்யாண போட்டோவை என் டைப்ரைட்டர் மேல் வைத்தார்.

நான் என்ன செய்தேன்? பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முழுசாக மறைந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வேட்டி நுனி வெளியே தெரிந்ததாம். அந்த அம்மாவின் சின்னப் பிள்ளை அதைப் பிடித்து இழுத்தது.

காஜியார் தாடிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். கத்தவில்லை. "ரெண்டாவது கல்யாணம் எங்க சட்டத்துல தப்பில்லீங்க. மறைச்சது தப்பு. பொண்ணுக்குத் தெரிஞ்சு அது சரின்னு சொன்னா வேற பேச்சு. இப்ப கெளம்புங்க" என்றார். பெண் வீட்டுக்கு அவரே போய்ச் சொன்னார். டீக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம், நல்லவேளை நல்லவேளை என்று.

அதோடு முடிந்த கதை அது. எனக்கு முடியவில்லை. மறுநாள் காலையில், அந்த அம்மா கொடுத்த புகாருக்காக இன்ஸ்பெக்டர் வருவதாக ஆள் வந்து சொன்னான். பொய் வாக்குமூலம் அடித்த கை என்னுடையது. எனக்குத் தெரிந்த சட்டத்தின்படி ஏழு வருஷம். மை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினேன். எங்கே போவது என்று தெரியாமல் கூட்டத்தோடு மலையைச் சுற்ற ஆரம்பித்தேன். பௌர்ணமி கூட இல்லை, நல்ல வெயில், கூட்டம் என்றால் ஆறு பேர். நான் சமணன் வேறு. அடி அண்ணாமலையில் மோர் விற்ற அம்மா, "இன்னா சாமி வேண்டுதல்? இந்த வெயில்ல வெறுங்காலோட?" என்றாள். செருப்பை ஆபீஸிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நாலு மணி நேரம் கழித்துக் கால் கொப்புளத்தோடு திரும்பினால், காஜியார் எதிரில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "நீதான் டைப்பிஸ்டாய்யா? அந்த வாக்குமூலத்துக்கு ஒரு நகல் வேணும். காலையிலேர்ந்து மூணு டீ ஆச்சு. எங்கய்யா போன?"

நகல்! அவ்வளவுதான். இதை நான் எத்தனையோ சபையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் போகவில்லை. சிரிப்புக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம்தான் பட்டியல் பிறந்தது. பாஸ்போர்ட், போலீஸ் பதிவு, போட்டோ, மதம் மாறிய வாக்குமூலம், முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் அது முடிந்ததற்கு அத்தாட்சி, உள்ளூரில் ஒருவர் ஜாமீன் கடிதம். ஆறு ஆயிற்று. அப்புறமும் தூக்கம் வரவில்லை. மெட்ராஸில் எனக்குத் தெரிந்த ஒரு டைப்பிஸ்ட், சில நாடுகளில் 'இவருக்குக் கல்யாணம் செய்ய எந்தத் தடையும் இல்லை' என்று சொந்த ஊர் ஆபீஸிலேயே எழுதிக் கொடுப்பார்கள் என்று சொன்னார். ஆஹா என்று அதை ஏழாவதாகச் சேர்த்தேன். அழகாக அடித்துச் சுவரில் ஒட்டினேன். சாதிக்தான் முதலில் படித்துவிட்டுச் சொன்னான்: "இன்னாடா ராஜு, பொண்ணு மாப்ள ரெண்டையும் தவிர எல்லாம் கேட்டுக்கீற?"

சாதிக் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை. மூன்று தங்கைகளைக் கரையேற்றியதில் முப்பது வயது வரைக்கும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் கடையில் மாத வாடகைக்குச் சைக்கிள் எடுத்தவர் மார்த்தா. பெல்ஜியத்துக்காரர், கணவர் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மூன்று வருஷமாக ஊரில் இருந்தார். தமிழ் பேசுவார். ஆனால் எங்கே கற்றார்? சைக்கிள் கடையில். அதனால் வணக்கம் சொன்னால், "இன்னா ராஜு சார், ஜோரா கீறீங்களா?" என்பார். நான் ஏதாவது சொல்வேன். சிரித்துவிட்டுப் பெடலை மிதிப்பார்.

செயின் கழன்றதில் ஆரம்பித்தது என்று சாதிக் சொல்வான். ஒரு சைக்கிளுக்கு அவ்வளவு செயின் கழலாது என்று நான் சொல்வேன். சாதிக்கின் அம்மாவுக்கு இருதய வியாதி. வெள்ளைக்காரி வேண்டாம் என்று இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு, ஒரு நாள் மார்த்தாவே பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டபோது, "சரி, நான் கண்ண மூடறதுக்குள்ள பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டார். எண்பதுகளின் ஆரம்பம் அது. மார்த்தா ஊரில் தங்குவதற்கான அனுமதி முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது.

இருவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். காஜியார் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். நான் மதம் மாறும் வாக்குமூலத்தை எடுத்தேன். "அது வேணாம் நயினாரே. இவங்க கிறிஸ்தவங்க, வேதம் உள்ளவங்க. ஆம்பள முஸ்லிமா இருந்தா இவங்க அப்படியே இருந்து கட்டிக்கலாம்" என்று தன் பேனாவால் என் பட்டியலில் நாலாவதை அடித்தார். கணவரை அடக்கம் செய்ததற்கு மாதா கோவில் கொடுத்த காகிதம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அவர் இறந்துட்டாருன்னு உங்க வாயால சொல்லுங்கம்மா" என்றார். மார்த்தா சொன்னார். "மஹர் என்ன கேக்கறீங்க?"

"ஒரு சைக்கிள்" என்றார் மார்த்தா. "வாடகை இல்லாதது."

காஜியார் சிரித்தார். "வர வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் வெச்சுக்கலாம்."

வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குத் தாடிக்காரர் ஞாபகம்தான். போட்டோ, பஸ், இன்ஸ்பெக்டர், எல்லாம் வரிசையாக வந்தன. எதிரில் இருப்பது பதினைந்து வருஷச் சிநேகிதனும், ஊரே அறிந்த ஒரு பெண்ணும். அது புத்திக்குத் தெரிகிறது. பயத்துக்குத் தெரியவில்லை.

"ஏழாவது காகிதம் இல்லீங்களே" என்றேன். "அவங்க ஊர் ஆபீஸ்ல தடை இல்லைன்னு எழுதித் தரணும்."

"கட்டாயமா வேணுமா? அரசாங்க ரூலா?" என்றார் காஜியார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதம் அவர்கள் நாட்டில் இந்தக் கல்யாணம் செல்லுபடியாக உதவும். பிற்பாடுகூட வாங்கிக்கொள்ளலாம். இங்கே நிக்காஹ் செய்ய அது வேண்டும் என்று மார்க்கமும் கேட்கவில்லை, எங்களுக்கு எந்த அரசாங்க உத்தரவும் வரவில்லை. கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

"ஆமாங்க, ரூல்தான். மெட்ராஸ்ல விசாரிச்சிட்டேன்" என்றேன்.

இங்கிலீஷ் விவகாரத்தில் காஜியார் என்னை நம்புகிறவர். பேனாவை மூடினார். "அரசாங்கம் கேக்குதுன்னா நாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வாங்கிட்டு வாங்க."

வெளியே சாதிக் என் சட்டையைப் பிடித்தான். "டேய், அம்மா நெலம தெரியுமில்ல? உனக்கு நான் யார்றா?"

"பஞ்சர் ஒட்டறவன்" என்றேன். "சட்டத்துல ஓட்டை வுழுந்தா உன்னால ஒட்ட முடியாதுடா."

மார்த்தா கூடச் சிரித்தார். நான் சொன்ன நகைச்சுவைகளில் திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பது அது ஒன்றுதான்.

மார்த்தா கடிதம் எழுதிப் பார்த்தார். அவருடைய ஊரிலிருந்து பதில் வந்தது. அவருடைய முதல் கல்யாணம் நடந்தது ஆப்பிரிக்காவில், கணவர் வேலை பார்த்த ஊரில். அங்கே கலவரத்தில் பதிவேடெல்லாம் எரிந்துபோய்விட்டது. கல்யாணம் ஆனதற்கே ரெக்கார்டு இல்லை, அப்புறம் விதவை என்று எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார்கள். நேரில் போய்க் கோர்ட்டில் சாட்சி வைக்க வேண்டும். அனுமதி முடிந்தது. பஸ் ஏறினார். "ரெண்டு மாசம்" என்றார் சாதிக்கிடம்.

இரண்டு கடிதம் வந்தது. சாதிக்குக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் படித்துக் காட்டினேன். கோர்ட் இன்னும் கேட்கிறது, காத்திரு. இரண்டாவதும் அதேதான். அப்புறம் வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். சாதிக் தபால்காரரைப் பார்ப்பதை நிறுத்தினான். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பேரணாம்பட்டிலிருந்து மாமன் மகளைக் கூட்டி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"அவங்க வரமாட்டாங்க இல்லடா?" என்று என்னைக் கேட்டான்.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் காகிதம் வேண்டாம், நீ ஒரு தந்தி கொடு, அவங்க வெறுங்கையோட வரட்டும் என்று. சொன்னால் காஜியாருக்குத் தெரியும். வேலை போகும். "தெரியலடா" என்றேன்.

மாமன் மகளோடு நிக்காஹ் நடந்தது. தஃப்தரிலிருந்து நகல் எழுதியது நான். ஏழு வாரத்தில் அம்மா போய்விட்டார். மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார், அது வரைக்கும் சரி.

அடுத்த ஆடி மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். மார்த்தா ஆபீஸுக்குள் வந்தார். நேராக என் மேஜைக்குத்தான். சாதிக் கடைக்குக் கூடப் போகவில்லை. காகிதத்தோடு போய் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் பட்டியல் வரிசையிலேயே வைத்தார். நாலாவதுக்கு மட்டும் இடம் விட்டார். ஏழாவது கனமான தாள், சிவப்பு முத்திரை.

"திரும்பித் திரும்பி 'காத்திரு'ன்னே எழுத வெக்கமா இருந்துச்சு சார். கையில வந்தா எழுதலாம்னு இருந்தேன். கையில வந்ததும் எழுதறத்துக்கு பதிலு நானே வந்துட்டேன். எல்லாம் கரீட்டா கீதா?"

"கரெக்டா இருக்கு" என்றேன். காஜியார்தான் எழுந்து வந்து நாற்காலி போட்டுச் சொன்னார், சாதிக்குக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது என்று.

மார்த்தா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார், கெஞ்சலாக இல்லை, வெறுமனே தெரிந்துகொள்வதற்காக: "உங்க சட்டத்துல ரெண்டாவது பண்ணலாம் இல்ல?"

"இடம் இருக்கும்மா" என்றார் காஜியார். "அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சு செய்யணும்."

"அதுக்கு எத்தினி பேப்பர் ஓணும் ராஜு சார்?"

காஜியார் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"ஒண்ணுமே?"

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணும். ரெண்டு சாட்சி. மஹர்."

மார்த்தா புத்திசாலி. ஏழாவது தாளை விரலால் தொட்டார். "அப்போ இது? அன்னிக்கு?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. பழைய ரூல் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்ல முடியவில்லை. "அன்னிக்கும் வேணாம். நான் பயந்துட்டேன். ரூல்னு சும்மா சொன்னேன்."

காஜியார் மார்த்தா முன்னால் போய் நின்றார். "கேட்டது இவர். ஆபீஸ் என்னுது. நான் விசாரிச்சிருக்கணும். மன்னிச்சிருங்கம்மா" என்றார். எழுபது வயசு மனுஷன் கைகட்டி நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்த்தா காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "சாதிக்குக்குத் தெரிய வேணாம். வூட்ல ஒரு பொண்ணு கீது. நான் வந்ததே சொல்லாதீங்க." எழுந்தவர், என் பக்கம் திரும்பி, "நீங்க எப்பவும் எதுனா சொல்லி சிரிக்க வெப்பீங்களே சார். இப்ப எதுனா சொல்லுங்க" என்றார்.

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, இன்னும் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. நாலு மணி மெட்ராஸ் பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் காலையில் சுவரிலிருந்து பட்டியலைக் கிழித்தேன். அதற்கப்புறம் காஜியார் இருந்த ஒன்பது வருஷமும் என்னை "நயினாரே" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் நான் "ரூல்" என்று எதைச் சொன்னாலும், "எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க" என்பார். சாகும் வரைக்கும் கேட்டார்.

சாதிக் நன்றாகத்தான் இருக்கிறான். நல்ல மனைவி, இரண்டு பிள்ளைகள். சைக்கிள் வாடகை போய் இப்போது பைக் மெக்கானிக் கடை. மார்த்தா பேச்சு எப்போதாவது வரும். "அந்தக் காகிதம் அவங்களுக்குக் கெடைக்கவே இல்ல போலடா" என்பான். இருபத்தைந்து வருஷமாக "ஆமாண்டா, கெடைச்சிருக்காது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் பாதிதான் நிஜம்.

கிடைத்தது, சாதிக். சிவப்பு முத்திரையோடு கிடைத்தது. எடுத்துக்கொண்டு வந்தார். தேவைப்படாத காகிதம் அது. நீ கடையில் உட்கார்ந்து இதைப் படித்தால் நேரே என்னிடம்தான் வருவாய் என்று தெரியும். நான் வீட்டில்தான் இருப்பேன்.